ஒரே கம்ப்யூட்டரில் மொத்தக் கணக்கா? உத்திரமேரூர் கல்வெட்டு சொல்லும் ‘பேக்கப்’ பாடம்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919 மற்றும் 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், யாரெல்லாம் நிற்கக்கூடாது என்று விதி விதியாகச் சொல்கின்றன. 1,100 ஆண்டுகள் தாண்டியும் அவற்றைப் படிக்க முடிகிறது.

இப்போது அதே ஊரில் ஓர் உரக்கடை இருப்பதாக வச்சுக்குவோம். எந்த விவசாயி எவ்வளவு பாக்கி, எந்த கம்பெனிக்கு எவ்வளவு கொடுக்கணும், ஜிஎஸ்டி பில், ஸ்டாக் எல்லாமே கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில். ஐப்பசி மழையில் ஓர் இடி இறங்கி ஹார்டு டிஸ்க் போச்சுன்னா? பத்து வருஷக் கணக்கு பத்து நொடியில் காலி. கம்ப்யூட்டரை மறுபடி வாங்கிடலாம். பாக்கிக் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?

இந்த இழப்பைத் தடுப்பதுதான் பேக்கப். விழுந்த பிறகு எழுந்து நிற்பதற்கான திட்டம்தான் டிசாஸ்டர் ரெக்கவரி. இரண்டும் பெரிய ஐடி கம்பெனிகளுக்கு மட்டுமானவை அல்ல. சிறு வியாபாரிகள் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஓலை போனது, கல் நின்றது

குடவோலை முறையில் தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலைகளில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. தேர்தல் முடிந்ததோடு அவற்றின் வேலையும் முடிந்தது. ஆனால், தேர்தல் விதிகள் காலத்துக்கும் வேண்டும் என்பதால் அவற்றைக் கல்லில் ஏற்றினார்கள்.

எது அன்றாடத் தேவைக்கு, எது என்றைக்கும் தேவை என்று பிரித்துப் பார்ப்பதுதான் பேக்கப்பின் முதல் படி. கம்ப்யூட்டரில் இருக்கும் சினிமா பாட்டு போனால் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம். வாடிக்கையாளர் பாக்கி லெட்ஜர் போனால் போனதுதான்.

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவர்களும், அவர்களின் நெருங்கிய உறவினர்களும் மறுபடி தேர்வில் நிற்க முடியாது என்கிறது உத்திரமேரூர் கல்வெட்டு. கணக்கு தொலைந்து போச்சு என்ற சாக்கு அந்தக் காலத்திலேயே செல்லவில்லை.

சரி, கல்லில் வெட்டிவிட்டால் போதுமா? போதாது. பழைய கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்போது கல்வெட்டும் சேர்ந்தே போய்விடும். இதைத் தடுக்க, பழைய கல்லில் இருந்ததைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டும் வழக்கம் சோழர் காலத்தில் இருந்தது. இதற்குப் ‘பழங்கல்லுப்படி’ என்று பெயர். செம்பியன் மாதேவி கற்றளியாகக் கட்டுவித்த திருக்கோடிக்காவல் கோயில் இதற்கு நல்ல உதாரணம். ஓலைச்சுவடிகளும் இப்படித்தான் தப்பின. பூச்சி அரிப்பதற்குள் ஒருவர் உட்கார்ந்து படியெடுத்தார். படியெடுக்கப்படாத நூல்கள் காணாமல் போயின. இன்றைய மொழியில் சொன்னால், படிதான் பேக்கப்.

பேக்கப் வேறு, டிசாஸ்டர் ரெக்கவரி வேறு

பேக்கப் என்பது தகவலின் இன்னொரு படி. டிசாஸ்டர் ரெக்கவரி என்பது, பேரிடருக்குப் பிறகு அந்தப் படியை வைத்து எங்கே, யார், எந்தக் கருவியில், எத்தனை மணி நேரத்தில் தொழிலைத் திரும்பத் தொடங்குவது என்ற முழுத் திட்டம்.

வித்தியாசம் புரிய 2015 வெள்ளத்தை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878இல் தொடங்கப்பட்ட பத்திரிகைக்கு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. காரணம், செய்தி இல்லாதது அல்ல. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியவில்லை. தகவல் பத்திரமாக இருந்தாலும் ஆளும் இடமும் இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆபத்து எந்த வழியில் வரும்?

• வெள்ளம், தீ, இடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம்
• ஹார்டு டிஸ்க் தானாகவே பழுதாவது
• லேப்டாப், செல்போன் திருட்டு
• தெரியாமல் ஃபைலை டெலிட் செய்வது
• ரான்சம்வேர்: ஃபைல்களை எல்லாம் பூட்டு போட்டதுபோல் முடக்கிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்

இதில் ரான்சம்வேர்தான் வில்லங்கமானது. கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் பென்டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வரை போய் அதையும் சேர்த்து முடக்கிவிடும். எந்நேரமும் செருகியே வைத்திருக்கும் பேக்கப் டிஸ்க், பீரோ சாவியை பீரோவிலேயே தொங்கவிடுவதுபோலத்தான்.

பேக்கப் இருந்த இடம், இல்லாத இடம்

டெல்லி எய்ம்ஸ்: 2022 நவம்பர் 23 அன்று சைபர் தாக்குதலில் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. நோயாளிகள் பதிவு, அனுமதி, டிஸ்சார்ஜ் எல்லாம் பேப்பரில் நடந்தன. ஆனால், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து இ-ஹாஸ்பிடல் தரவுகள் மீட்கப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பெரும்பாலான சேவைகள் திரும்ப 2 வாரம் ஆனது. கஷ்டம்தான், ஆனால் தகவல் பிழைத்தது.

இலங்கை: 2023 ஆகஸ்டில் அரசு கிளவுட் அமைப்பு ரான்சம்வேரால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கு பேக்கப் இல்லை என்பதே காரணம்.

தென்கொரியா: 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகர அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சேமிக்கும் ‘ஜி-டிரைவ்’ எரிந்துபோனது. 858 டெராபைட் தகவல் போச்சு. அளவு ரொம்பப் பெரிது என்று வெளியே பேக்கப் எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

தொழில்நுட்பத்தில் முன்னணியில் இருக்கும் நாட்டுக்கே இந்த நிலை. கிளவுடில் இருக்கிறதே என்ற நிம்மதி மட்டும் போதாது என்பதைத்தான் கடைசி இரண்டு சம்பவங்களும் காட்டுகின்றன.

3-2-1 விதி என்றால் என்ன?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ, புகைப்படங்களைப் பாதுகாக்கச் சொன்ன எளிய கணக்கு இது. இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகிறது.

• 3: தகவலுக்கு மொத்தம் மூன்று படிகள்
• 2: இரண்டு வெவ்வேறு வகைக் கருவிகளில்
• 1: ஒரு படியாவது வேறு இடத்தில்

நம்ம உரக்கடைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கம்ப்யூட்டரில் இருப்பது முதல் படி. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் இரண்டாவது படி. கூகுள் டிரைவ் போன்ற கிளவுடில் மூன்றாவது படி. நெட் சரியாக வராத கிராமமா? ஆளுக்கொரு நாள் மாற்றி மாற்றி இரண்டு டிஸ்க் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் வீட்டில் வைக்கலாம். வீடும் கடையும் ஒரே கட்டடம் என்றால் வேறு தெருவில் இருக்கும் தங்கை வீடு, மாமா வீடு பார்த்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் போன்ற ஏரிக்கரை ஊர்களில், தண்ணீர் வந்தால் இரண்டு இடமும் ஒன்றாக மூழ்குமா என்றும் யோசிக்க வேண்டும்.

டிஸ்க்கில் பேக்கப் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். பாஸ்வேர்டு போட்டு வைப்பதும் அவசியம். இல்லையென்றால் டிஸ்க் தொலையும்போது வாடிக்கையாளர்களின் விவரம் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

‘சிங்க்’ பேக்கப் ஆகுமா?

பலர் ஏமாறும் இடம் இது. கம்ப்யூட்டர் ஃபோல்டரை கிளவுடோடு சிங்க் செய்து வைத்தால், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கெட்டுப்போன ஃபைல் அங்கேயும் போய் உட்காரும். பழைய பதிப்புகளையும் சில காலம் வைத்திருக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி வாரியாகத் தனித்தனி பேக்கப் இருந்தால்தான், நேற்று கெட்டுப்போனதை முந்தாநாள் படியில் இருந்து எடுக்க முடியும்.

எத்தனை நாள் கணக்கு போனால் தாங்கும்?

பேக்கப் எவ்வளவு அடிக்கடி எடுக்க வேண்டும் என்பதற்கு இரண்டு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: எத்தனை நாள் பில்லைத் திரும்ப உட்கார்ந்து பதிவு செய்ய முடியும்? ஒரு நாள் மட்டும்தான் முடியும் என்றால் தினமும் பேக்கப். ஒரு வாரம் சமாளிப்பேன் என்றால் வாரம் ஒருமுறை. இதைத்தான் ஐடி துறையில் ஆர்பிஓ என்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி: கம்ப்யூட்டர் இல்லாமல் எத்தனை மணி நேரம் கடையை ஓட்ட முடியும்? இது ஆர்டிஓ. அரை நாளுக்குமேல் முடியாது என்றால், மாற்று லேப்டாப் ஒன்றில் அதே மென்பொருளைப் போட்டு வைக்க வேண்டும். ஒரு பில் புத்தகமும் கார்பன் தாளும்கூட நல்ல டிசாஸ்டர் ரெக்கவரி திட்டம்தான். டெல்லி எய்ம்ஸும் அந்த 2 வாரம் பேப்பரை நம்பித்தான் ஓடியது.

எடுத்த பேக்கப் திறக்குமா?

2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு படிதான் காப்பாற்றியது. நடந்ததை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

எனவே, திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாது. டேலி போன்ற கணக்கு மென்பொருட்களில் பேக்கப், ரீஸ்டோர் இரண்டு வசதிகளுமே உண்டு. மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பர் சரியாக வருகிறதா, பாக்கித் தொகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் மேலேயே ரீஸ்டோர் செய்து சோதிக்க வேண்டாம். பழைய பேக்கப், புதிய கணக்கை அழித்துவிடக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கலின் கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருந்தால், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும் வகையில் பேக்கப் இருக்க வேண்டும் என்று 2017 மத்திய ஜிஎஸ்டி விதி 57 சொல்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னும் கண்டிப்பு: கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என 2022 ஆகஸ்டில் விதி மாற்றப்பட்டது.

தாக்குதல் நடந்துவிட்டால்?

• உடனே நெட் இணைப்பைத் துண்டியுங்கள்
• பதற்றத்தில் பேக்கப் டிஸ்க்கை அந்த கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். இருக்கும் ஒரே படியும் போய்விடும்
• பணம் கட்டினால் ஃபைல் திரும்பும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை
• திரையில் வரும் மிரட்டல் செய்தியைப் போட்டோ எடுத்து வையுங்கள்
• பணம் பறிபோயிருந்தால் 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்
• நிறுவனங்கள், இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்

இன்று கடை சாத்தும் முன்...

1. எந்த ஃபைல் போனால் தொழில் நிற்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.
2. அவற்றை மட்டும் டிஸ்க்கில் ஒரு படி எடுத்து, கழற்றி, வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.
3. கிளவுடில் இன்னொரு படி ஏற்றுங்கள். அந்தக் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள்.
4. வேறு கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பாருங்கள்.
5. பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரியட்டும். உங்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் கடையைத் திறக்கப்போவது அவர்தான்.

மொத்தமும் முதல்முறை செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கலாம். அதன்பிறகு, கல்லாவை எண்ணி முடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். உத்திரமேரூர்க்காரர்கள் கல்லில் வெட்டி வைத்ததால்தான் அவர்களின் சபை விதிகள் நமக்குத் தெரிகின்றன. நீங்கள் உளி எடுக்க வேண்டாம், ஒரு டிஸ்க் எடுத்தால் போதும்.