ஒற்றையடிப் பாதையில் சைக்கிளுக்கும் இடம் கொடுங்கள்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் கவுண்டி. அங்கே 784 மீட்டர் உயரத்தில் நிற்கிறது டாமல்பையஸ் மலை. உலகம் முழுக்க ஓடுகிற மவுண்டன் பைக்குக்கு இந்தப் பகுதிதான் பிறந்த வீடு. ஆனால் பிறந்த வீட்டிலேயே அதற்குத் திண்ணையில்தான் இடம். தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய அகலமான மண் சாலைகளில் சைக்கிள் போகலாம். மலையின் ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் அதற்கு மூடியே இருக்கின்றன.

நியாயமாகப் பார்த்தால் நான் எதிர்க்கட்சியில் இருக்க வேண்டியவள். இங்கு வந்த நாள் முதல் இந்த மலைகளில் நடப்பவள். சைக்கிள் ஏறியதெல்லாம் மதுரையில் கல்லூரிக்குப் போன காலத்தோடு சரி. மகள் உயர்நிலைப் பள்ளி மவுண்டன் பைக் அணியில் சேர்ந்த பிறகுதான் இதற்குள் இழுபட்டேன். வட கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான இந்தப் போட்டிகள் 2001 முதல் நடக்கின்றன. ஒருநாள் பாதை முகப்பிலிருந்த பலகையைப் படித்துவிட்டு, “ஏம்மா, குதிரை போகலாமாம், நான் போகக் கூடாதாமா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

கதை 1970-களில் தொடங்குகிறது. இங்குள்ள இளைஞர்கள் சிலர், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கனத்த ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கி மலையிலிருந்து ஓட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு வெளியே முறையான பந்தயமே வைத்தார்கள். மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். அந்தப் பழைய சைக்கிள்களில் இருந்தது பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வருவதற்குள் அச்சிலிருந்த கிரீஸ் கருகிப் புகைந்துபோகும், ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-ல் மலைக்கென்றே தனியாக ஒரு சைக்கிளைக் கட்டினார். 1981-ல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக் தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகி வெளிவந்தது. கூட்டம் பெருகியது, கூடவே புகார்களும் பெருகின, தடைப் பலகைகள் முளைத்தன. ரேஞ்சர்கள் வேகம் அளக்கும் ராடார் கருவியோடு மலையில் நின்ற காலமும் உண்டு.

சைக்கிள் பாதையைக் கெடுக்கிறது என்பது முதல் புகார். மொன்டானாவில் வில்சன், சீனி என்ற இருவர் செய்து 1994-ல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. மண்ணைப் பெயர்த்துவிடுவதில் குதிரைக் குளம்பும் மனிதக் காலும் சக்கரத்தை மிஞ்சின, குதிரைதான் முதலிடம்.

பாதையை உண்மையில் கெடுப்பது மழைத் தண்ணீர். பாதை பராமரிக்கும் தன்னார்வலர்களோடு மண்வெட்டி பிடித்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். சரிவில் நேர்கீழாக இறங்கிய ஒரு பழைய பாதை முழங்கால் ஆழ வாய்க்காலாகிக் கிடந்தது. அதைக் கற்களும் முள்ளும் போட்டு மூடிவிட்டு, மலையின் இடுப்பைச் சுற்றிக் குறுக்காகப் புதுப் பாதை வெட்டினோம். பள்ளத்தாக்குப் பக்கம் லேசாகச் சாய்வு, சிறிது தூரத்துக்கு ஒரு மேடு, ஒரு தாழ்வு. மேற்பார்வையிட்டவர் தன் பாட்டில் தண்ணீரை வெட்டிய மண்ணில் ஊற்றினார். அது பாதையோடு ஓடாமல் ஓரமாக வழிந்து புல்லுக்குள் போனது. “சரி, அடுத்தது” என்று நகர்ந்துவிட்டார். அன்று மண் சுமந்தவர்களில் பாதிக்கு மேல் சைக்கிள்காரர்கள். எங்களைப் போன்ற நடைக்காரர்கள் கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரர்கள், மண்வெட்டி என்றால் கொஞ்சம் யோசிப்போம்.

இரண்டாவது புகார் பயம். இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். திருப்பத்தில் சத்தமில்லாமல் ஒரு சைக்கிள் பாய்ந்து வந்தால் எனக்கும் ஈரக்குலை நடுங்கும். ஆனால் பயத்துக்கு மருந்து தடை மட்டும்தானா? திருப்பங்களில் புதரை வெட்டிப் பார்வையைத் திறக்கலாம். நேராக நீளும் இறக்கத்தை வளைத்து வேகத்தைக் குறைக்கலாம். கைப்பிடியில் ஒரு மணியைக் கட்டாயமாக்கலாம். டாஹோ ஏரியைச் சுற்றும் பாதையின் ஒரு பகுதியில் இன்னும் எளிய ஏற்பாடு இருக்கிறது: இரட்டைப்படைத் தேதிகளில்தான் சைக்கிளுக்கு அனுமதி. சைக்கிளே வேண்டாம் என்பவர் ஒற்றைப்படை நாளில் போகலாம். அவ்வளவு தூரம் போவானேன், இதே மரினில் சைனா கேம்ப் மாநிலப் பூங்காவின் குறுகிய பாதைகளில் நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் சைக்கிள்களும் சேர்ந்தே போகிறார்கள்.

எல்லா இடமும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1964 வனாந்தரச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் காடுகளுக்குள் சைக்கிள் கூடாது, அப்படியே இருக்கட்டும். அரிய செடிகள் உள்ள இடமும், மழை பெய்து சேறாக இருக்கும் நாட்களும் அப்படித்தான். ஊரை ஒட்டிய, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பூங்காக்களைப் பற்றித்தான் பேசுகிறேன். பிள்ளைகளைக் கார் ஓடும் சாலைக்குத் துரத்திவிட்டுப் பாதையைக் காப்பாற்றினோம் என்பது எனக்கு ஒப்பவில்லை.

கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட பூங்காக்களை நடத்தும் உள்ளாட்சி வாரியங்களின் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் கொடுத்தாக வேண்டும். பிரவுன் சட்டம் அப்படி. நான் போன கூட்டங்களில் எதிர்ப்பவர்களே முன்வரிசையில் இருந்தார்கள். அணியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர்களே, அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். ஓரிரு நிமிடம் பேசினால் போதும். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அவர்களும் பேசலாம்.