கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் கார் மக்கர் பண்ணினால்? பெங்களூரு டீலர் மீது ஓசூர்க்காரர்கள் எங்கே புகார் செய்யலாம்?

ஓசூரில் பைக் தயாராகிறது, லாரி தயாராகிறது, கைக்கடிகாரம் தயாராகிறது. போச்சம்பள்ளி பக்கம் போனால் மின்சார ஸ்கூட்டரும் தயாராகிறது. ஆனால் இங்குள்ள ஒரு தொழிலதிபர் இத்தாலி அல்லது ஜெர்மனி நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைத்தால், அத்திப்பள்ளியைத் தாண்டி சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் பெங்களூருவுக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டும். வாங்குவதற்கு மட்டுமல்ல, வருடாந்திர சர்வீஸுக்கும் அதே பெங்களூருதான்.

கார் நன்றாக ஓடும் வரை இதில் ஒரு தொந்தரவும் இல்லை. வாங்கிய சில மாதத்திலேயே நடுரோட்டில் நின்றுவிட்டால்? "செக் பண்ணிட்டோம், எல்லாம் சரியாதான் சார் இருக்கு" என்று சர்வீஸ் சென்டர் திருப்பி அனுப்பினால்? கர்நாடகாவில் வாங்கிய காருக்குத் தமிழ்நாட்டில் வழக்கு போட முடியுமா?

முடியும். ஆனால் கார் எவ்வளவு விலை அதிகமோ, வழக்கு அவ்வளவு தூரம் போகும். அது எப்படி என்று பார்க்கலாம்.

8 கோடி ரூபாய் காரும் நிற்கும்

2024 அக்டோபரில் ரேமண்ட் நிறுவனத் தலைவர் கௌதம் சிங்கானியா எக்ஸ் தளத்தில் ஒரு புகாரைப் பதிவிட்டார். லம்போர்கினி ரெவுவெல்டோ காரை ஓட்டிப் பார்க்க எடுத்துச் சென்றதாகவும், மும்பை டிரான்ஸ் ஹார்பர் லிங்க் பாலத்தில் மின் இணைப்பு மொத்தமாகச் செயலிழந்து கார் நின்றுவிட்டதாகவும் அவர் கூறினார். புத்தம் புது கார் அது. அந்த மாடலின் ஷோரூம் விலையே 8 கோடி ரூபாய்க்கு மேல்.

அதோடு விடவில்லை. புகார் சொன்ன பிறகும் நிறுவனத்தின் இந்திய, ஆசிய நிர்வாகிகள் தன்னைத் தொடர்புகொள்ளவே இல்லை என்று மீண்டும் பதிவிட்டார். கார் நின்றதைவிட, கேட்க ஆள் வராததுதான் அவருடைய இரண்டாவது பதிவின் கோபம்.

சிங்கானியா எழுதினால் நாடே பேசும். ஓசூர் சிப்காட்டில் தொழில் நடத்தும் ஒருவர் எழுதினால் அப்படி நடக்குமா என்பது சந்தேகம்தான். அவருக்கு உதவப்போவது சட்டமும், கையில் இருக்கும் காகிதங்களும்தான்.

விலை உயர்ந்த கார் ஏன் அடிக்கடி தொல்லை தருகிறது?

முதல் காரணம், சிக்கலான அமைப்பு. ரெவுவெல்டோவில் 12 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினோடு 3 மின் மோட்டார்களும் சேர்ந்து இயங்குகின்றன. இப்படிப்பட்ட கார்களில் சென்சார், கன்ட்ரோல் யூனிட், சாஃப்ட்வேர் எல்லாம் அதிகம். ஒரு சென்சார் தவறான தகவல் தந்தாலே, இன்ஜினைப் பாதுகாக்க கார் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

இரண்டாவது, ஓட்டாமல் நிறுத்தி வைப்பது. பூட்டிக் கிடக்கும்போதும் அலாரம், சாவி ரிசீவர் போன்றவை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். சில வாரம் கழித்துப் பார்த்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகளும் எரியும். இதற்கென உள்ள பேட்டரி மெயின்டெயினர் சார்ஜரை வீட்டில் இணைத்து வைத்தாலே இந்தத் தொல்லையில் பெரும்பகுதி குறையும்.

மூன்றாவது, உதிரி பாகம். முழுதாக இறக்குமதியாகும் கார் என்பதால் பல பாகங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அரை மணி நேர வேலைக்காக கார் வாரக்கணக்கில் ஒர்க் ஷாப்பில் நிற்பது இதனால்தான்.

"வருஷத்துக்கு 2,000 கி.மீ. கூட ஓடல, எதுக்கு சர்வீஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. இன்ஜின் ஆயிலும் பிரேக் ஆயிலும் ஓடாவிட்டாலும் கெடும். சர்வீஸ் கணக்கு கிலோமீட்டர் அல்லது மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. ஒரு வருடம் தவறவிட்டால், பிறகு வாரண்டி கேட்கும்போது அதையே காரணமாகக் காட்டலாம்.

எல்லையில் இருப்பவர்களுக்கு என்ன கூடுதல் சிக்கல்?

லம்போர்கினிக்கு இந்தியாவில் நீண்ட காலமாக மும்பை, டெல்லி, பெங்களூரு என மூன்று நகரங்களில்தான் டீலர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் ஓசூர்க்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். மதுரை, கோவையில் இருப்பவர்களைவிட சர்வீஸ் சென்டர் பக்கம்.

ஆனால் கிருஷ்ணகிரியில் கார் நின்றால் பெங்களூரு 90 கி.மீ. சாதாரண கிரேனில் முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுத்தால், தாழ்வான முன்பகுதி உடையும். நான்கு சக்கரமும் இயங்கும் காராக இருந்தால் கியர்பாக்ஸும் பாதிக்கப்படும். காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் ஃப்ளாட்பெட் வண்டிதான் வேண்டும். நிறுவனத்தின் சாலை உதவித் திட்டம் எத்தனை கி.மீ. வரை இலவசம், தமிழ்நாடு எல்லைக்குள்ளும் வருமா என்பதை கார் வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

காரை பெங்களூருவில் வாங்கி ஓசூரில் டிஎன்-70 நம்பர் போட்டால் வாரண்டி போகுமா? போகாது. அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்கிய காருக்கு வாரண்டி தருவது தயாரிப்பு நிறுவனம். பதிவு எந்த மாநிலத்தில் என்பதை வைத்து அது மாறுவதில்லை. ஆனால் வெளியில் எக்ஸாஸ்ட் மாற்றுவது, இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி பவர் ஏற்றுவது போன்றவை வாரண்டியைச் சிக்கலில் தள்ளும்.

மழைத் தண்ணீரில் ஓட்டி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் அது வாரண்டியில் வராது. சாதாரண காப்பீட்டிலும் பொதுவாக வராது. அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும்.

பழுது என்றால் புது கார் தருவார்களா?

பலரும் ஏமாறும் இடம் இது. வாரண்டி என்றால் பழுதான பாகத்தைச் சரிசெய்து தருவது அல்லது மாற்றித் தருவது. முழு காரையும் மாற்றித் தருவது அல்ல. கிளட்ச் பழுது தொடர்பான மாருதி உத்யோக் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. வாரண்டி நிபந்தனை பாகத்தை மாற்றுவது பற்றித்தான் பேசுகிறது, எனவே முழு காரையும் மாற்ற உத்தரவிட்டது சரியல்ல என்பது அந்தத் தீர்ப்பு.

புது காரோ முழுப் பணமோ வேண்டுமென்றால், பழுது தயாரிப்பிலேயே இருந்தது என்று காட்ட வேண்டும். ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தது, சர்வீஸ் சென்டரால் சரிசெய்ய முடியவில்லை என்பதை ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். தேவைப்பட்டால் நிபுணர் அறிக்கையும் கேட்கப்படும்.

டீலர் மீதா, நிறுவனத்தின் மீதா?

இரண்டு பேரையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பதே நல்லது. காரணம், டீலரும் நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் தனித்தனி. கோவாவில் ஒரு டீலர் 2011 மாடல் என்று பணம் வாங்கிவிட்டு 2009-ல் தயாரான காரைக் கொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸை விடுவித்தது. டீலரின் தவறு நிறுவனத்துக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. டீலரிடம் சொல்லும் ஒவ்வொரு புகாரையும் நிறுவனத்தின் இந்திய அலுவலகத்துக்கும் இமெயில் அனுப்பிவிட வேண்டும். பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்ல முடியாது.

ஓசூரில் இருந்து எங்கே வழக்கு போடுவது?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்கு போடலாம். டீலர் பெங்களூருவில் இருந்தாலும், ஓசூரில் வசிப்பவர் பெங்களூருவில்தான் வழக்கு போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது காருக்குக் கொடுத்த விலை. 2021 டிசம்பரில் வந்த விதிகளின்படி:

- 50 லட்சம் ரூபாய் வரை: கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம்
- 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை: சென்னையில் உள்ள மாநில ஆணையம்
- 2 கோடிக்கு மேல்: டெல்லியில் உள்ள தேசிய ஆணையம்

அதாவது 45 லட்ச ரூபாய் காருக்கு உள்ளூரிலேயே வழக்கு. ஒன்றரை கோடி ரூபாய் காருக்கு 300 கி.மீ. தாண்டி சென்னை. 4 கோடி ரூபாய் கார் என்றால் நேராக டெல்லி. கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்பது கணக்கில் வராது. தீப்பிடித்த காரில் கணவரை இழந்த பெண் 50 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்ட வழக்கில், கொடுத்த விலைதான் அளவுகோல் என்ற இந்த விதி செல்லும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தூரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனில் புகார் பதிவு செய்யலாம். வீடியோ மூலம் விசாரணை கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கட்டணமும் குறைவுதான். 50 லட்சம் முதல் ஒரு கோடி வரை 2,000 ரூபாய். 10 கோடியைத் தாண்டினாலே 7,500 ரூபாய்தான். பிரச்னை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கம்பெனி பெயரில் வாங்கிய கார் என்றால்?

ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பேட்டைகளில் இது முக்கியமான கேள்வி. வரிக் கணக்குக்காக பலரும் காரை நிறுவனத்தின் பெயரில்தான் வாங்குகிறார்கள். வழக்கு என்று வந்ததும், "இது வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்தரப்பு வாதிடும்.

2024 ஜூலை 9 அன்று மெர்சிடிஸ் கார் தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. கார் நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் அது வணிக நோக்கம் ஆகாது. லாபம் ஈட்டும் வேலைக்குத்தான் கார் வாங்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியது விற்றவரின் பொறுப்பு.

எத்தனை வருடம் ஆகும்?

ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2009 செப்டம்பர் 25 அன்று பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் கார் வாங்கியது. நான்கே நாளில் கோளாறு. நவம்பரில் மீண்டும் கோளாறு. மோசடிப் புகாரில் போலீஸ் வழக்கு பதிவானது. 2012-ல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்து, புது கார் தரச் சொன்னது. நிறுவனம் தரத் தயாராக இருந்தும், புகார்தாரர் அதை ஏற்கவில்லை. கடைசியாக 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டு முடித்துவைத்தது.

கிட்டத்தட்ட 15 ஆண்டுகள். இடையில் நியாயமான சமரசம் வந்தால், கோபத்தைத் தள்ளிவைத்து வக்கீலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

- ஒவ்வொரு முறை கார் விடும்போதும் ஜாப் கார்டு. "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாமல், என்ன கோளாறோ அதையே எழுதச் சொல்ல வேண்டும்
- கார் உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி
- ஸ்கேன் செய்தபோது வந்த ஃபால்ட் கோடு பிரின்ட் அவுட்
- எச்சரிக்கை விளக்கு எரியும்போது எடுத்த வீடியோ
- டீலருக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பிய இமெயில்கள்
- ஃப்ளாட்பெட், மாற்று கார் செலவுக்கான பில்

ஓட்டிப் பார்க்காமல் "திருப்தி" என்று கையெழுத்துப் போடக் கூடாது. வாட்ஸ்அப்பில் அட்வைசர் சொன்னதை இமெயிலிலும் உறுதிசெய்து கேட்க வேண்டும்.

ஸ்கூட்டருக்கும் இதே வழிதான்

இது பணக்காரர்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஸ்கூட்டர் தயாரிக்கும் ஓலா எலெக்ட்ரிக் மீது, 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் 10,644 புகார்கள் பதிவாகின. அதில் 3,389 புகார்கள் சர்வீஸ் தாமதம் பற்றியவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பிய பிறகு, 99.1 சதவீதப் புகார்கள் தீர்க்கப்பட்டதாக நிறுவனம் தெரிவித்தது.

அந்த உதவி எண் 1915. வழக்குக்கு முன் முதல் படியாக, ஒரு லட்சம் ரூபாய் ஸ்கூட்டர் வைத்திருப்பவரும், 8 கோடி ரூபாய் கார் வைத்திருப்பவரும் இதே எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அதுவும் ஒரு ஆவணம்.