‘அதெல்லாம் இப்ப யாருங்க பாக்குறா?’

1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத அய்யர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோருடன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த கதை மதுரைக்காரர்களுக்கு மனப்பாடம். அதன் மறுபாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. வருணாசிரமக் கட்சிக்காரரான நடேச அய்யர், மீனாட்சி கோயிலை விட்டே போய்விட்டாள் என்று அறிவித்து, தமிழ்ச் சங்கம் சாலையில் தன் வீட்டிலேயே அம்மனுக்குத் தனிக்கோயில் கண்டார். பட்டர்களில் சிலர் அங்கே போய்ப் பூசை செய்தார்கள். அன்றைக்குத் தீண்டாமைக்காக வாதாடியவர்களும் தம் பெயரைப் போட்டுக்கொண்டு பகிரங்கமாகத்தான் வாதாடினார்கள். எதிரில் நிற்பவர் யார் என்று தெரிந்தது. அவருக்குப் பதில் சொல்லவும் முடிந்தது.

இன்று மதுரையில் தீண்டாமையை ஆதரித்து மேடையேற ஆள் கிடையாது. “அதெல்லாம் இப்ப யாருங்க பாக்குறா?” என்பார்கள். அப்படிச் சொல்பவரே வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் சொந்த ஊரை விசாரிப்பார். ஊரைச் சொன்னதும், ஊரில் எந்தப் பக்கம் என்பார். அதிலும் பிடிபடாவிட்டால் குலசாமி எது என்று கேட்பார். சாதி என்ற சொல் ஒரு தடவைகூட வந்திருக்காது. வீடு மட்டும் இல்லையென்று ஆகியிருக்கும்.

இந்த வாய்மூடல் ஒரே நாளில் வந்ததல்ல. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப்பட்டத்தை விடச் சொன்னது. அது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் பெயரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற பழக்கமும் நமக்கு ஒட்டிக்கொண்டது. 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியலினத்தவரான வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அந்தப் பெயர் ஏன் சிலருக்குப் பொறுக்கவில்லை என்று பேச வேண்டிய நேரம் அது. அரசோ எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று, மேலூர் அருகே மேலவளவில், பட்டியலினத்தவருக்கான தனித்தொகுதியாக இருந்த ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனும் உடன் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பேருந்தில் வந்துகொண்டிருந்தவர்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியிலும், நாட்டார்மங்கலத்திலும் கதை வேறு. 1996-இல் தனித்தொகுதியாக்கிய பிறகு பத்தாண்டு வேட்புமனு வராது. வந்தாலும், வென்றவர் உடனே ராஜினாமா செய்துவிடுவார். 2006-இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து 1989-இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் அரசு இடித்தது. அதை எதிர்த்தவர்கள் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் போய்த் தங்கினார்கள். கேட்டால், அது சாதிச்சுவர் இல்லை, எங்கள் பாதுகாப்புக்குக் கட்டியது என்றார்கள்.

ஊர் மட்டும்தான் இப்படி என்றில்லை. 2001-இல் டர்பனில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேசுபொருளாக்கக் கூடாது என்றுதான் இந்திய அரசும் வாதிட்டது.

வாய் பேசாததை இன்றைக்குக் கயிறு பேசுகிறது; பள்ளிப் பையன்களின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தாலே போதும். பைக் ஸ்டிக்கரும் பிளெக்ஸ் பேனரும் மிச்சத்தைச் சொல்லிவிடும். ஆனால் ஒடுக்கப்பட்ட பையன் தனக்கு நடந்ததைச் சொன்னால் மட்டும், “ஏன் சாதியை இழுக்குற?” என்ற கேள்வி வருகிறது. சாதியை மறைத்தால்தான் மதுரையில் வீடு கிடைக்கும் என்று வாழ்பவரின் மௌனத்தைக் குறை சொல்ல மாட்டேன்; அது தற்காப்பு. மறைக்கத் தேவையில்லாதவர்களின் மௌனம் அப்படியல்ல, அது வசதி.

நாங்குநேரியில் பட்டியலின மாணவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறுகளுக்குத் தடை கேட்டதோடு, ஆறாம் வகுப்பு முதல் வாரம் ஒரு பாடவேளை அறநெறிக்கு ஒதுக்கவும் அது பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்ப்பது எளிது. அந்தப் பாடவேளையில் மேலவளவில் நடந்தது என்னவென்று பிள்ளைகளிடம் சொல்லவும், அவர்கள் திருப்பிக் கேட்கவும் ஆசிரியர்களை விட வேண்டும்.