பாரிசில் மூன்று நாள்... அத்தை கற்றுத் தந்த பாடம்!

ஜெர்மனியில் இருக்கும் என் நாத்தனாரின் பிரசவத்துக்கு, உதவிக்குப் போயிருந்தார்கள் என் மாமியார். அவர்களை அழைத்து வர, 2025 ஜூன் மாதம், நானும், என் கணவரும், பதினொரு வயது மகனும் கிளம்பினோம். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, பாரிசையும் மூணு நாள் பார்த்துட்டுப் போயிடலாம்’ என்றார் கணவர். ஜெர்மனிக்கு வாங்கிய ஷெங்கன் விசாவே பிரான்சுக்கும் செல்லும். தனி விசா வேண்டாம். பிராங்க்பர்ட்டில் ரயில் ஏறினால், சுமார் நான்கு மணி நேரத்தில் பாரிஸ் வந்து விடுகிறது.

பார்க்க வேண்டியவை என்று, நோட்டுப் புத்தகத்தில் பதினான்கு இடங்களை எழுதி வைத்திருந்தேன். அங்கே தான் தப்பு செய்தேன்.

முதல் நாள் காலையிலிருந்தே, ‘சீக்கிரம் வாங்க அத்தை... நேரமாச்சு அத்தை’ என்று அவர்களை விரட்டிக் கொண்டே இருந்தேன். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது; மூட்டு வலி வேறு. பாரிஸ் மெட்ரோ ரயில், 1900ல் ஆரம்பித்தது. பழைய ஸ்டேஷன்கள் பலவற்றில் லிப்ட் கிடையாது. ஒரு ரயிலிலிருந்து இன்னொரு ரயிலுக்கு மாற, படி ஏறி, படி இறங்கி, சுரங்கப் பாதையில் வெகு தூரம் நடக்க வேண்டும்.

மதியம், ஒரு ஸ்டேஷனில் கூட்டத்தோடு கூட்டமாக நாங்கள் மூவரும் ஏறி விட்டோம். கதவு மூடிக் கொண்டது. திரும்பிப் பார்த்தால், அத்தை பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள்!

கண்ணாடி வழியாக அவர்கள் முகத்தைப் பார்த்த அந்த நிமிஷத்தை, என்னால் மறக்கவே முடியாது. கையில் போன் இல்லை. தங்கியிருக்கும் ஓட்டல் பெயர் தெரியாது. தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பி, படியேறி அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள், கால் மணி நேரமாகி விட்டது. என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் கூடத் தேவலை.

அத்தை, அதே இடத்தில், சுவரோரமிருந்த நாற்காலியில், பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

‘சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சா, நின்ன இடத்தை விட்டு அசையாதேன்னு எங்கம்மா சொல்லுவாங்க. அதான் அசையலை’ என்றார்கள். எனக்கு அழுகை வந்து விட்டது. ‘அழாதே தாயி... இனிமே நீ முன்னாடி ஓடாம, எனக்குப் பின்னாடி வா, போதும்’ என்றார்கள்.

அன்று ராத்திரியே, பதினான்கில் ஒன்பது இடங்களை அடித்து விட்டேன். மீதி ஐந்தைப் பார்த்த இரண்டு நாட்கள் தான், நாங்கள் நிஜமாகவே பாரிசைப் பார்த்த நாட்கள்.

இரண்டாம் நாள் காலை, லூவர் மியூசியம். ராஜாக்களின் அரண்மனையாக இருந்து, 1793ல் மியூசியமாக ஆனது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. முன்கூட்டியே, நேரம் குறித்து டிக்கெட் வாங்கி விட வேண்டும். முழுதும் பார்க்க நாட்கணக்காகும்; நாங்கள் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக் கொண்டோம். உலகமே முண்டியடிக்கும் மோனாலிசா ஓவியம், 77 செ.மீ., உயரம், 53 செ.மீ., அகலம் தான். ‘நம்ம வீட்டு சாமி படம் இதை விடப் பெரிசாச்சே’ என்றார்கள் அத்தை!

பிற்பகல், நோத்ர்தாம் மாதா கோவில். 2019 ஏப்ரலில் தீப்பிடித்து, கூரை முழுதும் எரிந்து போன கோவில் இது. ஐந்தாண்டுக்கும் மேல் வேலை செய்து, 2024 டிசம்பரில் திறந்திருக்கின்றனர். கட்டணம் கிடையாது. உள்ளே அத்தை, கண் மூடி வெகு நேரம் அமர்ந்திருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், சென் நதியில் படகு சவாரி. ஒரு மணி நேரத்தில், உட்கார்ந்த இடத்திலேயே பாதி ஊரைப் பார்த்து விடலாம். வயதானவர்களுக்கு இதை விட வசதி வேறில்லை. மதியம், லா ஷபெல் பகுதிக்குப் போனோம். இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முருங்கைக்காய், கறிவேப்பிலை கூடக் கிடைக்கிறது. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம்! தோசை சாப்பிட்ட பின் தான், அத்தை முகத்தில் தெம்பு வந்தது.

மாலையில், ஈபில் கோபுரம். 1889ல் நடந்த கண்காட்சிக்காகக் கட்டி, 20 வருடத்தில் பிரித்து விடுவதாக இருந்ததாம். வானொலிக் கம்பம் வைக்க உதவியதால் பிழைத்துக் கொண்டது. இப்போது உயரம், 330 மீட்டர். இரண்டாம் தளம் வரை போனாலே ஊர் முழுதும் நன்றாகத் தெரிகிறது. படியில் போனால் 674 படிகள்; நாங்கள் லிப்டில் போனோம். ஜூனில், இரவு 10:00 மணி வரை வெளிச்சம் இருக்கிறது. இருட்டிய பின், ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க விளக்குகள் மினுக்குவதை, எதிர்க்கரையில் நின்று காசில்லாமலே ரசிக்கலாம்.

போகப் போகும் தோழிகளுக்குச் சில வார்த்தைகள்:

* ஒரு நாளைக்கு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு இடம் போதும்.

* ஓட்டல் முகவரியும், கணவரின் போன் நம்பரும் எழுதிய சீட்டு, ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். யாராவது ரயிலில் விடுபட்டால், விடுபட்டவர் அங்கேயே நிற்க வேண்டும். மற்றவர்கள் திரும்பி வர வேண்டும் என்று, முதலிலேயே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.

* மூட்டு வலிக்காரர்களுக்கு மெட்ரோவை விட பஸ்சே நல்லது. 69ம் நம்பர் பஸ், ஈபில் கோபுரம் பக்கமிருந்து கிளம்பி, லூவர் வழியாகப் போகிறது.

* மெட்ரோவிலும், கூட்டமான இடங்களிலும் பிக்பாக்கெட் பயம் உண்டு. கையெழுத்துப் போடச் சொல்லியோ, மணிக்கட்டில் கயிறு கட்டவோ வந்தால், நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

* தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவோரம், நான்கு பெண் சிலைகளோடு பச்சை நிறத்தில் நிற்கும் குடிநீர்க் குழாய்கள், 1872 முதல் இருக்கின்றன. தெருவோரக் கழிப்பறைகளுக்கும் கட்டணமில்லை.

* யாரிடம் எது கேட்டாலும், முதலில், ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லுங்கள். முகம் மலர்ந்து உதவுகின்றனர். இதை அத்தை, என்னை விட நன்றாகச் சொன்னார்கள்!

ஊர் திரும்பியதும், ‘பாரிஸ்ல என்னென்ன பார்த்தீங்க?’ என்று எல்லாரும் கேட்டனர். ‘எல்லாம் பார்த்தோம், என் மருமக என் கையை விடாமப் பிடிச்சுக்கிட்டே வந்தா’ என்று தான் அத்தை பதில் சொன்னார்கள். விட்டுப் போன ஒன்பது இடங்களைப் பற்றி, எனக்கு இன்று வரை வருத்தமே இல்லை.

— ஒரு வாசகி, மதுரை.