கை ஒடிந்த பையனுக்கு இறுக்கிக் கட்டா? விரல் நீலமானால் ஆபத்து!

புதுக்கோட்டை:
பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும், ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துப் பொடிசுகளுக்கு வீட்டில் கால் தரிக்காது. மாமரம், புளியமரம் என்று ஒன்று பாக்கி விடாமல் ஏறிவிடுவார்கள். ஏறத் தெரிந்த அளவுக்கு இறங்கத் தெரியாது. கிளை முறியும். "ஐயோ அம்மா!" என்ற அலறல் கேட்டு ஓடினால், பையன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். முழங்கை புடைத்திருக்கும்.

உடனே கூட்டம் கூடிவிடும். "ஆஸ்பத்திரி எதுக்கு? நாட்டுக்கட்டு போட்டா எட்டே நாள்ல கூடிரும்" என்பார் ஒரு பெரியவர். முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, துணி சுற்றி, மூங்கில் தப்பை வைத்து இறுக்கினால் வேலை முடிந்தது. இதற்காக ஆந்திராவில் உள்ள புத்தூருக்கே பஸ் ஏறியவர்களும் உண்டு.

நாட்டுக்கட்டில் கூடிய கைகள் ஏராளம். இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் சின்னப் பிள்ளை எலும்பு தானாகவே சீக்கிரம் ஒட்டும். பெயர் கட்டியவருக்குப் போய்விடுகிறது! வில்லங்கமே அந்த இறுக்கத்தில்தான்.

விரலைப் பாருங்க!

மரத்திலிருந்து விழும் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே ஒடிவது சகஜம். அங்கேதான் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. ஒடிந்த முனை அதை அழுத்தும். வீக்கம் வேறு ஏறும். அதன்மேல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே முன்கைச் சதை செத்துப்போகும். பிறகு விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே நிற்கும். ஜெர்மன் டாக்டர் வோல்க்மன் 1881-லேயே இதை எழுதிவைத்தார். இந்த ஊனத்துக்கு அவர் பெயர்தான். ஆஸ்பத்திரி மாவுக்கட்டு இறுகினாலும் இதே கதி.

விரலை லேசாக நீட்டிவிட்டாலே பையன் துடிக்கிறானா? விரல் வெளுத்தோ நீலம் பாரித்தோ, ஜில்லென்று மரத்தோ கிடக்கிறதா? மாத்திரை கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறதா? "அடம் பிடிக்கிறான்" என்று அதட்டித் தூங்க வைக்காதீர்கள். துணிக்கட்டு என்றால் உடனே தளர்த்துங்கள். நடுராத்திரி என்றாலும் 108-க்குப் போன் போடுங்கள். 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

எண்ணெய்ச் சட்டி எதுக்கு?

கட்டுப் பிரித்ததும் அடுத்த கூத்து. கை சூம்பிப்போய், தோல் உரிந்து, முழங்கை மடங்கவும் மடங்காது, நீளவும் நீளாது. பாட்டி எண்ணெய்ச் சட்டியோடு வந்துவிடுவார். முழங்கையை உருவி, வம்படியாக இழுத்தால் சதைக்குள்ளேயே எலும்பு வளரும் அபாயம் உண்டு. கனமான வாளியைத் தூக்கவிட்டு நீட்டப் பார்ப்பதும் தப்பு. அவனே சட்டைப் பொத்தான் போடட்டும், சோறு பிசையட்டும். பெரும்பாலும் சில மாதங்களில் கை பழையபடி திரும்பிவிடும்.

இந்த நிருபருக்கும் ஒன்பது வயசில் இடது கை ஒடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே எண்ணெய் போட்டு இழுத்தார்கள். போட்ட சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டது. இன்றுவரை அந்தக் கை முழுசாக நீளாது. பைக் ஓட்டுகையில் ஒன்றும் தெரியாது. சட்டைக்கு அளவெடுக்கும் டெய்லர்தான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்: "தம்பி, கையை நேரா நீட்டுங்க!"

- நமது நிருபர்