எரியாத யூனிட்டை எண்ணுவது எப்படி?

உங்கள் வீட்டு மின் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். மின் வாரியக் கணக்கீட்டாளர் வந்து அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறார். அதிலிருந்து போன தடவை குறித்த எண்ணைக் கழித்தால், நீங்கள் செலவழித்த யூனிட் தெரிந்துவிடும். சரி, செலவழிக்காமல் மிச்சப்படுத்திய யூனிட் எவ்வளவு? அதைக் காட்டும் மீட்டர் உலகில் எங்குமே கிடையாது! ஆனாலும், 'இத்திட்டத்தால் இத்தனை கோடி யூனிட் மிச்சம்' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த எண் எங்கிருந்து வருகிறது?

வடசென்னைக்காரர்களுக்கு இது வெறும் கணக்கு அல்ல. 1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட் திறன் வரை வளர்ந்து, 2017-இல் மூடப்பட்டது. ஆனால் அதற்கு வடக்கே, அத்திப்பட்டில், வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே செப்பாக்கம் அருகிலுள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்களில் ஏற்பட்ட கசிவால் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் சாம்பல் படிந்து, மீனும் இறாலும் பிடித்துப் பிழைப்பவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகவே மிச்சமாகும் யூனிட் உண்மையானதா, காகிதத்தில் மட்டும் உள்ளதா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இராயபுரத்தில் ஒரு வீடு. 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிகிறது. 60 நாளில் 18 யூனிட். அதை எடுத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால் 2.7 யூனிட். மிச்சம் 15.3 யூனிட், அதாவது சுமார் 11 கிலோ நிலக்கரி, 4 கிலோ சாம்பல். நல்ல இலாபம்தான்! ஆனால் அங்கே ஏற்கெனவே 14 வாட் சி.எஃப்.எல். இருந்திருந்தால்? மிச்சம் 1.5 யூனிட் மட்டுமே. பல்பு ஒன்றுதான், பழையது எது என்பதைப் பொறுத்து விடை பத்து மடங்கு மாறிவிட்டது, பார்த்தீர்களா?

இப்போது பெரிய கணக்குக்கு வருவோம். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய 'உஜாலா' திட்டத்தில், மின் வாரியங்கள் வழியாகவும் மற்ற வழிகளிலும், 2023 தொடக்கம் வரை சுமார் 36 கோடியே 86 லட்சம் எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. ஆண்டுக்குச் சுமார் 4,788 கோடி யூனிட் மிச்சம் என்று மதிப்பிட்டார்கள். வகுத்துப் பாருங்கள்: ஒரு பல்புக்கு 130 யூனிட். 60 வாட் பல்பை மாற்றியிருந்தால், அது நாள் தவறாமல் 7 மணி நேரம் எரிந்தால்தான் இந்த எண் வரும். கூடத்துப் பல்பு எரியலாம். குளியலறைப் பல்பு எரியுமா? மிச்சமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மதிப்பீடு வேறு, அளவீடு வேறு என்கிறேன்.

மெக்சிகோ நாட்டில் இதை அளந்தே பார்த்தார்கள். 2009-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், பழைய குளிர்சாதனப் பெட்டியையோ ஏ.சி.யையோ கொடுத்துவிட்டுப் புதியது வாங்க அரசு உதவியது. பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மாற்றிக்கொண்டன. பிறகு மூன்று பொருளாதார அறிஞர்கள் அரசு மின் நிறுவனத்தின் பட்டியல்களையே வாங்கி, மாற்றிய வீடுகளையும் மாற்றாத வீடுகளையும் ஒப்பிட்டார்கள். 2014-இல் முடிவு வெளியானது. குளிர்சாதனப் பெட்டியால் கிடைத்த மிச்சம், எதிர்பார்த்ததில் கால் பங்குதான். ஏ.சி. மாற்றிய வீடுகளிலோ மின்செலவு கூடியே விட்டது! செலவு குறைவுதானே என்று அதிக நேரம் ஓடவிட்டார்கள். புதிய பெட்டிகளும் பழையவற்றைவிடப் பெரியவை.

இந்த ஒப்பீடுதான் வித்தையின் உயிர். திருவொற்றியூரில் ஒரு தெருவுக்குப் பல்பு கொடுத்துவிட்டு, சித்திரை மாதச் செலவையும் மார்கழிச் செலவையும் ஒப்பிட்டால் பல்பின் பெருமை தெரியாது. மின்விசிறி ஓடாத பெருமைதான் தெரியும். அதே போன்ற இன்னொரு தெரு வேண்டும். அங்கே பல்பு கொடுக்காமல், அதே மாதங்களில் செலவைக் குறித்து வர வேண்டும். இரண்டு தெருக்களுக்கும் உள்ள வித்தியாசமே பல்பு செய்த வேலை.

வேலைப் பயிற்சித் திட்டங்களையும் இப்படியே சோதிக்கலாம். 2001-ஆம் ஆண்டு எரிசக்திப் பாதுகாப்புச் சட்டப்படி, அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை போன்ற பெரிய நிறுவனங்கள் தேர்ச்சி பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். இதற்கான தேசியத் தேர்வு 2004 முதல் நடக்கிறது. தேறியவர்களை எண்ணுவது எளிது. அவர்கள் கண்டுபிடித்த நீராவிக் கசிவை நிர்வாகம் அடைத்ததா என்பதை ஆலைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தண்டையார்ப்பேட்டை இளைஞர்கள் 100 பேருக்கு வயரிங் பயிற்சி தந்ததாக வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து 80 பேர் வேலையில் இருக்கிறார்கள். பிரமாதம் என்பீர்கள். பயிற்சிக்கு மனுப் போட்டு இடம் கிடைக்காத 100 பேரில் 70 பேருக்கும் வேலை கிடைத்திருந்தால்? பயிற்சியின் பங்கு 10 பேர்தான். அந்த 80 பேரில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேருக்கு ஒப்பந்தக் கூலி என்பதையும் கூடவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.