லண்டன் வழக்குக்கு வாலாஜா லெட்டர்

லண்டனில் இருக்கும் மைத்துனரின் அகதி வழக்குக்கு "ஒரு லெட்டர் வேணும்" என்று வாலாஜாபேட்டையில் டைப்பிங் சென்டர், நோட்டரி என அலைபவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். "இவரை இலங்கை ராணுவம் தேடுகிறது" என்று நாலு வரி, கீழே முத்திரை. நோட்டரி சான்று சொல்வது கையெழுத்தை. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று அல்ல. அனுப்பாதீர்கள்.

பிரிட்டனில் உள்துறை கைவிரித்தால், முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. அங்கேயே இருப்பவருக்கு அவகாசம் 14 நாள். தீர்ப்பாயம் பார்ப்பது இரண்டு. அரசியல் கருத்துக்காகத்தான் இவர் அஞ்சுகிறாரா? திரும்பிப் போனால் உண்மையில் ஆபத்து உண்டா? அவர் புலி ஆதரவாளராக இருந்திருக்க வேண்டியதில்லை. இலங்கை அரசு அப்படி நினைத்தாலே போதும். ஆனால் "போர் நடந்தது, நான் தமிழன்" என்பது மட்டும் இன்று எடுபடாது. 2013இல் வந்த வழிகாட்டித் தீர்ப்பும் 2021இல் வந்ததும், பிரிவினைவாதச் செயற்பாட்டாளர் என்று கொழும்பு இப்போது யாரைக் கருதுகிறது, யார் பெயரில் பிடியாணை இருக்கிறது என்றே கேட்கின்றன.

பொய்க் காகிதத்தின் கேடு இங்கேதான். 2002ஆம் ஆண்டின் தன்வீர் அகமது தீர்ப்புப்படி, அது போலி என்று பிரிட்டன் அரசு நிரூபிக்கக்கூடத் தேவையில்லை. நம்பத்தக்கது என்று காட்டுவது கொடுத்தவர் பொறுப்பு. ஒன்று பொய்யென்று பட்டால் அவருடைய உண்மையான வடுவையும் சந்தேகிப்பார்கள். உடம்பில் இருந்த சூட்டுத் தழும்புகளை ஒருவர் தானே ஆள்வைத்துப் போட்டுக்கொண்டார் என்று தீர்ப்பாயம் முடிவுகட்டிய வழக்கும் உண்டு. 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. அதற்கே எத்தனை ஆண்டு!

அனுப்ப வேண்டியவை பழைய காகிதங்கள். செஞ்சிலுவைச் சங்கம் காவலில் வந்து பார்த்ததற்கான சான்று, இலங்கை நீதவான் நீதிமன்றப் பதிவின் சான்றிட்ட நகல், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த புகாரின் ரசீது. காயத்துக்கு வேலூர் சி.எம்.சி.யில் வைத்தியம் பார்த்திருந்தால், மருத்துவமனை எண்ணைச் சொல்லி அன்றைய பதிவையே கேளுங்கள். இன்று எழுதி வாங்கும் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. தமிழ், சிங்களக் காகிதம் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அது சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட வேண்டும். மூலத்தோடு, கூரியர் ரசீதும் உறையும் பத்திரம்.

மேல்மொணவூர் போன்ற இலங்கைத் தமிழர் முகாமில் இருந்தவர்கள் செய்யும் தவறு வேறு. இந்தியாவில் இருந்த வருடங்களை லண்டனில் மறைத்துவிடுகிறார்கள். முகாம் பதிவில் இங்கே இருந்ததாகத் தேதி, நேர்காணலில் அதே தேதியில் யாழ்ப்பாணத்தில் கைது. இது ஒன்றே போதும் வழக்கைக் கவிழ்க்க. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. "அங்கேயே இருந்திருக்கலாமே" என்ற கேள்விக்கு வக்கீல் பதில் சொல்ல வழி இருக்கிறது. மறைத்தால் அந்த வழியும் போச்சு.

முகாம் பதிவின் நகல் கேட்டுப் போனால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். நம் அலுவலகங்களின் நாளை எப்போது விடியும் என்று யாருக்கும் தெரியாது, லண்டனில் 14 நாள் ஓடிக்கொண்டிருக்கும். வாயால் கேட்காதீர்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். நகல் வராவிட்டால் அந்த ஒப்புகையையாவது வக்கீலுக்கு அனுப்புங்கள். கேட்டும் கிடைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

நேர்காணலில் கேட்கும்போது அவருக்குத் தேதி நினைவில்லையா? "தீபாவளிக்கு முன்பு" என்றே சொல்லட்டும். ஊகித்துச் சொன்ன தேதியை அடுத்த விசாரணையில் அவரே மாற்றிச் சொல்வார்.